வாசகர் கேள்விகள்: உள்ளே வருவது, வெளியே போவது

போன இதழில் காற்றோட்டம், நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிஎஃப்டி பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: ஓட்டம் உள்ளே வரும் இன்லெட்டில் என்ன கொடுப்பது, வெளியே போகும் அவுட்லெட்டில் என்ன கொடுப்பது. சரி, இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுவே இருக்கட்டும். மாடித்தோட்டக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: என் மகன் ரெடுயியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறான். ராத்திரி இரண்டு மணி வரை சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு "பவுண்டரி கண்டிஷன் தப்பு, பவுண்டரி கண்டிஷன் தப்பு" என்று புலம்புகிறான். அப்படியென்றால் என்ன?
(ரோஸ் ஹில் வாசகி)

அம்மா, உலகம் முழுவதையும் கணினிக்குள் அடைக்க முடியாது. குழாயில் தண்ணீர் ஓடுவதைக் கணக்கிட வேண்டுமென்றால் அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துக் கணக்கிடுகிறோம். வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கணினிக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் எல்லை நிபந்தனை. உங்கள் வீட்டுக் குழாய்க்கும் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கும் சமன்பாடு ஒன்றேதான், நேவியர்-ஸ்டோக்ஸ். விடை மாறுவது சுவரிலும் வெட்டிய முனைகளிலும் நாம் என்ன சொல்கிறோம் என்பதை வைத்துத்தான். முனையில் தனக்குத் தெரிந்ததை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள் அவனை. தெரியாததைத் தெரிந்த மாதிரி கொடுப்பதால்தான் பாதிப் புலம்பல். மீதிப் பாதி தூக்கம் இல்லாததால்.

கேள்வி: 100 மில்லிமீட்டர் குழாயில் தண்ணீர், வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர். உள்ளே போவதே வெளியே வரும் என்பதால் இரண்டு முனையிலும் 1.5 என்றே கொடுத்தேன். ஓப்பன்ஃபோம் மென்பொருள் பிழை காட்டி நின்றுவிட்டது. கணக்கு சரிதானே, ஏன் நிற்கிறது?
(இறுதியாண்டு மாணவர், மோக்கா)

தம்பி, காகிதத்தில் உங்கள் கணக்கு சரி, மெஷ்ஷில், அதாவது குழாயைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலையில், சரியில்லை. வட்டமான வாயை நேர்க்கோட்டு முகங்களாக உடைத்திருக்கிறீர்கள். இரண்டு முனையிலும் மெஷ் வேறுவேறு என்றால் பரப்பளவில் ஒரு துளி வித்தியாசம் கட்டாயம் இருக்கும். ஏழு கறிப் பந்தி நடக்கும் மண்டபத்தில் முன்வாசலில் நிமிடத்துக்குப் பத்துப் பேரை விடு, பின்வாசலில் ஒன்பது பேரைத்தான் வெளியே விடு, ஆனால் உள்ளே கூட்டம் ஒரு ஆள்கூடக் கூடக்கூடாது என்று சொன்னால் வாசலில் நிற்பவர் என்ன செய்வார்? தண்ணீரை அமுக்க முடியாது என்று மென்பொருளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், அதனால் அந்தத் துளி மிச்சத்தை வைக்க இடமில்லை. ஓப்பன்ஃபோம் அவுட்லெட்டைக் கொஞ்சம் திருத்திச் சமன் செய்யப் பார்க்கும், ஆனால் நீங்கள் அவுட்லெட்டையும் இறுக்கிக் கட்டிவிட்டதால் திருத்த வழியில்லாமல் நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருக்கும்.

எப்படியோ சமன் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் இரண்டு சங்கடம் மிச்சம். ஒன்று, அமுக்க முடியாத ஓட்டத்தின் சமன்பாட்டில் அழுத்தம் எங்குமே தனியாக வராது, இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்றுதான் வரும். ஆகவே எங்காவது ஓர் இடத்தில் "இங்கே இவ்வளவு" என்று ஆணி அடிக்காவிட்டால் அழுத்தம் மொத்தமாக மேலேயும் கீழேயும் மிதந்துகொண்டிருக்கும். இரண்டாவதுதான் பெரிது. அவுட்லெட்டில் ஓட்டம் எந்த வடிவத்தில் வரும் என்பது உங்களுக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் சிமுலேஷனே போடுகிறீர்கள்! சுவரோரம் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் வரும் தண்ணீரைக் கடைசி அங்குலத்தில் பிடித்து எல்லா இடத்திலும் 1.5 ஆக்கு என்றால் அது இயற்கையில் நடக்காத காரியம்.

அதனால்தான் வழக்கமான ஜோடி இது: இன்லெட்டில் வேகத்தைக் கொடுங்கள், அழுத்தத்தை அதன் போக்கில் விடுங்கள், அவுட்லெட்டில் அழுத்தத்தைக் கொடுங்கள், வேகத்தை விடுங்கள். அவுட்லெட்டில் பூஜ்ஜியம் போடுவதைப் பார்த்து "அங்கே வெற்றிடமா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். இல்லை, அது வெறும் ஒப்பீட்டுப் புள்ளி. பத்து என்று போட்டாலும் எல்லா இடத்திலும் பத்து கூடுமே தவிர ஓட்டம் அப்படியேதான் இருக்கும்.

இரண்டு முனையிலும் அழுத்தத்தையே கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், எவ்வளவு ஓடும் என்று தெரியாதபோது அதுதான் வழி. மேட்டில் தொட்டி, 20 மீட்டர் கீழே உங்கள் குழாய், அவ்வளவுதான் தெரியும் என்றால் இன்லெட்டில் சுமார் 196 கிலோபாஸ்கல் மொத்த அழுத்தம் கொடுங்கள், ஓட்டம் விடையாக வரும். கணக்கு ஒரு நிலையான விடைக்கு மெதுவாகத்தான் வந்து சேரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொத்த அழுத்தம் (நிலை அழுத்தத்தோடு வேகத்துக்கான பங்கும் சேர்ந்தது) என்று சொன்னதைக் கவனியுங்கள், நிலை அழுத்தம் அல்ல. தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது, குழாய்க்குள் வந்து வேகம் பிடிக்கும்போது அந்த வேகத்துக்கான விலையை அழுத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நிலை அழுத்தமாகக் கொடுத்தால் வேகம் இலவசமாகக் கிடைத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் இன்னொன்று, ஓப்பன்ஃபோமின் அமுக்க முடியாத ஓட்டத் தீர்வான்களில் (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல்களில்) அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டே இருக்கும். அங்கே 196000 அல்ல, வெறும் 196. இந்த ஆயிரம் மடங்குக் கூத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் தொலைத்த மாணவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: சர்க்கரை ஆலையில் வேலை. சூடான சாறு போகும் குழாயில் ஒரு முழங்கை, அதைத் தாண்டியவுடன் அவுட்லெட் வைத்தோம். ஃபுளுவென்ட் மென்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் "பிரஷர் அவுட்லெட்டில் இத்தனை முகங்களில் ரிவர்ஸ் ஃப்ளோ" என்று கத்துகிறது. படம் அழகாகத்தான் வருகிறது. விட்டுவிடலாமா?
(ஃப்ளாக் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

வெளியே போக வேண்டிய சாறு சில இடத்தில் உள்ளே திரும்புகிறது என்ற எச்சரிக்கை அது. முதல் நூறு இருநூறு சுற்றில் வந்து மறைந்துபோனால் விட்டுவிடுங்கள். ஆரம்பத்தில் ஓட்டம் இன்னும் உருவாகவில்லை, அங்கேயும் இங்கேயும் அலைந்து பிறகு ஒழுங்காகும். கடைசி வரை வந்துகொண்டே இருந்தால் விடாதீர்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

முழங்கையில் திரும்பும் சாறு வெளிவளைவை ஒட்டிப் பாயும், உள்வளைவு ஓரம் பிரிந்து சுழலும். அந்தச் சுழலின் நடுவிலேயே நீங்கள் கத்தியை வைத்திருக்கிறீர்கள். பாதிச் சுழல் உள்ளே, பாதி வெளியே. வெளியே போன சாறு சுழன்று திரும்பி உள்ளே வரவேண்டும், ஆனால் வெளியே என்று ஒன்று கணினிக்குக் கிடையாதே! அதனால் திரும்பி வருவது எப்படிப்பட்டது என்று அது உங்கள் பேக்ஃப்ளோ பெட்டியை (திரும்பி வரும் ஓட்டத்துக்கான எண்களை எழுதும் இடத்தை) பார்த்து முடிவு செய்கிறது. அந்தப் பெட்டியை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. அங்கே வெப்பநிலை 300 கெல்வின் என்று தானாகவே போட்டிருக்கும், நம் கணக்கில் சுமார் 27 பாகை. உங்கள் சாறு கிட்டத்தட்ட 100 பாகையில் வருகிறது, திரும்பி வருவது மட்டும் 27 பாகை பச்சைத் தண்ணீர் மாதிரி. அவுட்லெட் பக்கம் வெப்பநிலைப் படத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள், உள்வளைவு ஓரத்தில் ஒரு நீல நாக்கு நீண்டிருக்கும். இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது: திரும்பி வரும் முகங்களில் நீங்கள் கொடுத்த அழுத்தத்தை ஃபுளுவென்ட் மொத்த அழுத்தமாக எடுத்துக்கொள்ளும், வெளியே போகும் முகங்களில் நிலை அழுத்தமாக. ஒரே வாயில் இரண்டு நியாயம்.

செய்ய வேண்டியது: முழங்கைக்குப் பிறகு குழாயை நேராக நீட்டுங்கள், பத்து விட்டம் வைத்துத் தொடங்கலாம். சுழல் முடிந்து ஓட்டம் மறுபடி சுவரில் ஒட்டிய பிறகுதான் அவுட்லெட். பிறகு இன்னும் ஐந்து விட்டம் நீட்டிப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய விடை (அழுத்த இழப்பா, வெப்பநிலையா) மாறவில்லை என்றால் போதும். நீட்டிய துண்டில் உராய்வால் போகும் அழுத்தத்தை ஆலைக்கு எழுதும் அறிக்கையில் சேர்க்காமல் கழித்துவிடுங்கள். நீட்டவே முடியாத இடம் என்றால் பேக்ஃப்ளோ பெட்டியில் உண்மையான சாற்று வெப்பநிலையையாவது போடுங்கள்.

சிலர் அவுட்லெட் வாயைச் சுருக்கிவிட்டால் திரும்பி வராது என்பார்கள். வராதுதான், ஆனால் இல்லாத ஒரு நாசிலை (குறுகிய வாயை) நீங்களே கட்டி அதன் அழுத்த இழப்பையும் கணக்கில் ஏற்றுகிறீர்கள், எனக்கு அது பிடிக்காது. சிஎஃப்எக்ஸ் மென்பொருள்காரர்கள் கவனத்துக்கு: அங்கே அவுட்லெட் என்று போட்டால் திரும்பி வரும் முகங்களில் மென்பொருளே ஒரு பொய்ச்சுவர் எழுப்பிவிட்டு, எழுப்பினேன் என்று ஒரு வரி எழுதிவைக்கும். அந்த வரியைப் படிப்பவர்கள் குறைவு.

கேள்வி: கொந்தளிப்புக்குத் தீவிரம் 5%, பாகுநிலை விகிதம் 10 என்று மென்பொருள் தானே நிரப்பித் தருகிறது. மாற்ற வேண்டுமா?
(சாட்ஸ்வர்த், டர்பன்)

தீவிரம் என்பது வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. பாகுநிலை விகிதம் என்பது கொந்தளிப்பு தரும் பாகுநிலை தண்ணீரின் சொந்தப் பாகுநிலையைப் போல் எத்தனை மடங்கு என்பது. மோக்கா தம்பியின் குழாயையே எடுத்துக்கொள்வோம். ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தது) 150000. நன்கு வளர்ந்த குழாய் ஓட்டத்துக்குத் தீவிரம் என்பது 0.16-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் எட்டாம் மூலத்தால் வகுத்தால் வருவது, இங்கே 3.6%. நீள அளவு, அதாவது பெரிய சுழல்களின் அளவு, விட்டத்தில் 7%, அதாவது 7 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பாகுநிலை விகிதம் 250-ஐ ஒட்டி வருகிறது. 10 என்றே விட்டால் அதே தீவிரத்துக்கு எப்சிலான் (கொந்தளிப்பு அழியும் வேகம்) 25 மடங்கு ஆகிவிடும், கொந்தளிப்பு உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே செத்துப்போகும். நீண்ட குழாய் என்றால் சுவர் தன் கொந்தளிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், நீங்கள் போட்டது மறந்தே போகும். இன்லெட்டுக்குப் பக்கத்திலேயே வால்வோ கலவைத் தொட்டியோ இருந்தால்தான் அடி விழும். அமைதியான காற்றுச் சுரங்கத்தில் வைத்த இறக்கை மாதிரியான வேலைக்கு விகிதம் 10-க்குக் கீழே இருப்பது சரி, ஆனால் தீவிரம் 1%-க்கும் குறைவாக வேண்டும், 5% அல்ல. ஆக அந்த ஐந்தும் பத்தும் ஜோடியாக எதற்கும் அவ்வளவு பொருந்துவதில்லை.

அப்புறம் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இன்லெட்டில் சமமான வேகம் கொடுத்தால் ஓட்டம் வளர்ந்து முடிக்க இந்தக் குழாயில் சுமார் 32 விட்டம் தேவை, மூன்று மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீளம் மெஷ் போட மனமில்லை என்றால் ஒரு நேர்க்குழாயைத் தனியாகக் கணக்கிட்டு அதன் முடிவில் கிடைக்கும் வடிவத்தை எடுத்து உங்கள் இன்லெட்டில் ஒட்டுங்கள்.

கேள்வி: மாஹேபூர் அருகே கரும்புக் காட்டை ஒட்டி 8 மீட்டர் உயரத்தில் ஒரு கட்டடம். தென்கிழக்குக் காற்று எவ்வளவு தள்ளும் என்று பார்க்க வேண்டும். இன்லெட்டில் வினாடிக்கு 8 மீட்டர் வேகம் என்று கொடுத்தால் போதுமா?
(கட்டட வரைவாளர்)

எந்த உயரத்தில் 8? வானிலை நிலையம் சொல்வது 10 மீட்டர் உயரத்தில். தரைக்குப் பக்கத்தில் அவ்வளவு இருக்காது, உயரத்தின் மடக்கையைப் பொறுத்து ஏறும். கரும்புக்குத் தரைக் கரடு (தரை காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான நீளம்) 0.1 மீட்டர் என்று வைத்தால், 10 மீட்டரில் 8 இருக்கும்போது 2 மீட்டரில் 5.3, 30 மீட்டரில் 9.9. அதே காற்று கடற்கழியைத் தாண்டி நேரே வருகிறது என்றால் கரடு 0.0002 மீட்டர்தான், 2 மீட்டரில் 6.8 கிடைக்கும். ஆகவே காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். ஜூனில் தொடங்கி கரும்பு வெட்டிவிட்டால் கரடும் இறங்கிவிடும், மோசமான நிலையைத்தானே நீங்கள் பார்க்க வேண்டும்?

வேகத்துக்கு மட்டும் வடிவம் கொடுத்துவிட்டுக் கொந்தளிப்பை ஒரே எண்ணாக விடாதீர்கள். ரிச்சர்ட்ஸும் ஹாக்ஸியும் 1993-இல் கொடுத்த மூன்று சூத்திரங்கள், வேகம், கே (கொந்தளிப்பின் ஆற்றல்), எப்சிலான் மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி, இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். தூரங்களுக்கு நகரக் காற்றோட்டக் கணக்குக்கான ஐரோப்பாவின் காஸ்ட் 732 வழிகாட்டி (2007) போதும்: கட்டடத்துக்கு முன்னால் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு, பின்னால் பதினைந்து மடங்கு, கூரைக்கு மேல் ஐந்து மடங்கு. உங்களுக்கு முன்னால் 40 மீட்டர், பின்னால் 120. குறுக்குவெட்டில் கட்டடம் 3%-க்கு மேல் அடைக்கக் கூடாது.

கட்டடத்தை வைப்பதற்கு முன் ஒரு வேலை. காலியான களத்தில் (கணக்கிட வெட்டியெடுத்த வெளியில்) அதே இன்லெட்டைக் கொடுத்து ஓடவிடுங்கள். கட்டடம் நிற்கப்போகும் இடத்தில் நீங்கள் கொடுத்த வடிவம் அப்படியே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பல நேரம் சேராது, தரையின் சுவர்ச் சார்புக்கு (தரையோர ஓட்டத்தைக் கணிக்கும் சூத்திரத்துக்கு) வேறு கரடு கொடுத்திருப்பீர்கள், அல்லது மேல் எல்லையை வெறும் சிமெட்ரி (உராய்வில்லாத கண்ணாடிப் பரப்பு மாதிரி) என்று விட்டிருப்பீர்கள், காற்று வழியிலேயே உருமாறிவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வரும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

கேள்வி: எங்கள் கோவில் மண்டபத்தில் ஹோமம் நடந்தால் புகை போவதே இல்லை. மூன்று வாசல், மேலே வரிசையாக ஜன்னல். என் மகள் ஃபுளுவென்ட்டில் போட்டுப் பார்க்கிறாள். எது இன்லெட், எது அவுட்லெட் என்று கேட்கிறது, அதுதானே எங்களுக்குத் தெரியாது?
(குவாத்ர் போர்ன் வாசகர்)

இந்தத் தடவை வந்ததிலேயே நல்ல கேள்வி இது. தெரியாது என்பதையே நிபந்தனையாகக் கொடுக்க முடியும். எல்லா வாசலையும் ஜன்னலையும் பிரஷர் அவுட்லெட் என்றே வையுங்கள், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காற்று உள்ளே வரவும் அது விடும். உள்ளே வரும்போது கொடுத்த பூஜ்ஜியத்தை மொத்த அழுத்தமாக எடுத்துக்கொள்ளும் என்று மேலே சொன்னேனே, சாற்றுக் குழாயில் அது தொல்லை, இங்கே அதுதான் சரி: வெளியே அசையாமல் நிற்கும் காற்று வாசலுக்கு வந்து வேகம் பிடிக்கிறது. பேக்ஃப்ளோ வெப்பநிலையில் அன்றைய வெளி வெப்பநிலை, புகையின் அளவில் பூஜ்ஜியம்.

ஆனால் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். சூடான காற்று மேலே போவதைக் கணக்கிட ஈர்ப்பைப் போடுவீர்கள், அப்போது ஆபரேட்டிங் டென்சிட்டி (எதைவிடக் கனம், எதைவிட லேசு என்று ஒப்பிடும் அடர்த்தி) என்று ஒன்று இருக்கிறது, அதை வெளிக்காற்றின் அடர்த்தியாக நீங்களே எழுத வேண்டும். தானாக விட்டால் மண்டபத்துக்குள் இருக்கும் காற்றின் சராசரியை அது எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் கீழ் வாசலிலும் மேல் ஜன்னலிலும் நீங்கள் போட்ட பூஜ்ஜியம் வெளியே இருக்கும் காற்றைக் குறிக்காது, உள்காற்றையே குறிக்கும். புகையை மேலே தள்ளும் விசையில் பெரும்பகுதி அங்கேயே காணாமல் போகும்.

இரண்டாவது, காற்று. 6 மீட்டர் உயர மண்டபத்தில் உள்ளே வெளியே 10 பாகை வித்தியாசம் இருந்தால் அது தரும் அழுத்தம் 2 பாஸ்கலுக்குச் சற்று மேல். வெளியே வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒரு மெல்லிய காற்று அடித்தாலே அதன் இயக்க அழுத்தமும் அவ்வளவே. எல்லா வாசலிலும் பூஜ்ஜியம் என்றால் "வெளியே காற்றே இல்லை" என்று சொல்கிறீர்கள், நம் மொரீஷியஸ் தீவில் அப்படிப்பட்ட நாள் எத்தனை? காற்று அடிக்கும் பக்கத்து வாசலில் அழுத்தம் கூடும், எதிர்ப்பக்கம் குறையும், கூரையோர ஜன்னலில் உறிஞ்சவும் செய்யலாம், ஒரே புகை ஒரு நாள் ஜன்னல் வழியாகவும் மறுநாள் அம்மன் சந்நிதி வழியாகவும் போகும். ஒவ்வொரு வாசலுக்கும் இந்த அழுத்தத்தை ஊகித்துப் போடுவதைவிட மண்டபத்தைச் சுற்றி வெளியையும் களத்தில் சேர்த்துவிடுங்கள். அப்போது வாசல்கள் எல்லையாகவே இருக்காது, வெறும் ஓட்டைகள். எல்லை தூரத்தில் இருக்கும், அங்கே மாஹேபூர் வரைவாளருக்குச் சொன்ன மடக்கை வடிவம். மெஷ் பெரிதாகும், மகள் முறைத்துக்கொள்வாள், ஆனாலும் அதுதான் வழி. முதலில் காற்றில்லாத நாளைச் சின்னக் களத்தில் போட்டுப் பார்க்கட்டும், அது ஒரு ராத்திரி வேலை.

கேள்வி: அழுத்தம் மைனஸில் வருகிறது. பிழையா?
(கியூர்பிப்)

இல்லை, அது கேஜ் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் பூஜ்ஜியமாக வைத்து அளப்பது. தண்ணீர் என்றால் சுமார் மைனஸ் 98000 பாஸ்கலைத் தாண்டும்போதுதான் கவலை, ஏனென்றால் அறை வெப்பநிலையில் அங்கே தண்ணீர் ஆவியாகத் தொடங்கும், உங்கள் தீர்வானுக்கு அது தெரியாது.

கேள்வி: ஒலியின் வேகத்தைத் தாண்டும் நாசில். அவுட்லெட் அழுத்தத்தை எவ்வளவு மாற்றினாலும் விடை மாறவே இல்லை. மென்பொருள் கெட்டுவிட்டதா?
(சென்-தெனி, ரியூனியன்)

கெடவில்லை, நன்றாகத்தான் வேலை செய்கிறது. அமுக்கக்கூடிய வாயுவில் செய்தி ஒலியின் வேகத்தில்தான் நகரும். ஓட்டம் அதைவிட வேகமாக வெளியே போகும்போது, வெளியே இருக்கும் அழுத்தத்தைப் பற்றிய செய்தி எதிர்நீச்சல் போட்டு உள்ளே வர முடியாது. ஆகவே அங்கே நீங்கள் எதைக் கொடுத்தாலும் மென்பொருள் கண்டுகொள்ளாது, எல்லாவற்றையும் உள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒலியைவிட மெதுவான அவுட்லெட்டில் ஒரே ஒரு செய்திக்கு வழி உண்டு, அதனால் அழுத்தம் ஒன்றை மட்டும் கொடுக்கிறோம். இன்லெட்டில் கணக்கு தலைகீழ்: மெதுவான ஓட்டத்துக்கு முப்பரிமாணத்தில் உள்ள ஐந்து அளவில் (மூன்று திசை வேகம், அழுத்தம், வெப்பநிலை) நான்கை நாம் கொடுத்து ஒன்றை உள்ளிருந்து எடுக்க வேண்டும், வேகமான ஓட்டத்துக்கு ஐந்தையும் நாமே கொடுக்க வேண்டும். உங்கள் நாசிலில் அவுட்லெட் அழுத்தத்தை மிக அதிகமாக ஏற்றினால் அதிர்ச்சி அலை ஒன்று உள்ளே வந்து உட்காரலாம், அதற்குப் பின்னால் ஓட்டம் மெதுவாகிவிடும், அப்போது விடை மாறும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அவுட்லெட்டை நாசில் வாயிலேயே வைக்காமல் வெளியே ஒரு பெரிய பெட்டி வரைந்து அதன் தொலைவில் வையுங்கள்.